குழாய்க்கு அடியில் வெள்ளைத் துணி

கம்ப்யூட்டரில் சேலை டிசைன் வரையும் ஜனகராஜ், அந்தக் கம்ப்யூட்டரின் திறந்த பெட்டிக்குள் வெள்ளைத் துணியை விரிக்கிறார். சாயப்பட்டறையில் வளர்ந்தவருக்கு, ஒழுகினால் துணி காட்டிக் கொடுத்துவிடும் என்று தெரியும். சூட்டைத் தணிக்க மெக்கானிக் ராகேஷ் சற்றுமுன் பொருத்திய குழாய்களில் நீலத் தண்ணீர் ஓடுகிறது. சின்ன மோட்டார் கொசுவைப்போல முனகுகிறது. "ஒரு சொட்டு வெளிய வராதுண்ணே," என்கிறான் அவன். "கரண்டுக்குப் பக்கத்துல தண்ணிய விட்டுட்டு இம்புட்டு தைரியமாச் சொல்றியே மாப்ள!" நாலு மாதமாக வரைந்த கல்யாணச் சேலைகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஜன்னல் வெயிலில் குழாயின் மூட்டு மினுங்குகிறது. ஈரமோ என்று இன்னும் குனிகிறார். துணியில் பொட்டென்று ஒரு சொட்டு. பாய்ந்து சுவிட்சை அணைக்கிறார். ராகேஷ் துணியை எடுத்து நீட்டுகிறான். ஈரத்தில் நீலம் இல்லை. ஜனகராஜ் மூக்கு நுனி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, உலர்ந்த பக்கம் மேலே வரும்படி துணியை மறுபடியும் விரிக்கிறார்.