ஆறு நாற்பத்திரண்டுக்கு இரண்டு கப்பல்கள்

துறைமுகக் கண்காணிப்பு மாடியில் காலை வெயில் மேசைமேல் ஏறிக்கொண்டிருக்கிறது. கண்காணிப்பாளர் லியோனார்டின் பதிவேட்டில் இன்றைய வரிகள் இரண்டு. இரண்டு கப்பல்கள், இரண்டுக்கும் நேரம் ஆறு நாற்பத்திரண்டு. உள்ளே ஓர் இடம்தான் காலி. முதலில் தென்பட்ட கப்பலுக்கு அது. மற்றது நான்கு நாள் வெளியே நிற்க வேண்டும். கப்பல் ஏஜெண்டின் ஆள் தவசிமுத்து இரண்டாவது வரியின்மேல் விரலை வைத்திருக்கிறார். அது அவருடைய கப்பல். ரங்கூன் உளுந்து ஏற்றி வந்தது, அடித்தளத்தில் தண்ணீர் கசிகிறதென்று நேற்றே தந்தி வந்துவிட்டது. “அண்ணாச்சி, மேல இருக்கது முந்தி வந்ததா, இல்ல நீங்க முந்தி எழுதினதா?” லியோனார்ட் பேனாவை மூடிவைத்துவிட்டு, தொலைநோக்கியைத் தெற்கே திருப்புகிறார், பிறகு வடக்கே. “நான் தெக்கால ஜன்னலாண்ட நின்னுகினு இருந்தேன் நைனா. அத்தப் பாத்தேன், எழுதுனேன். இந்தாண்ட திரும்புனா உன்து நிக்கிது. எப்ப வந்துச்சுன்னு இன்னா சொல்ல?” “அப்ப நீங்க வடக்க நின்னிருந்தா?” லியோனார்ட் பதிவேட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டுகிறார். “இனிமே செகண்டும் எழுதிர்றேன்.” நிமிடத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து மெல்லிய பென்சில் கோடு ஒன்று இழுக்கிறார். புதிய கட்டம் வெள்ளையாகக் காத்திருக்கிறது. இருவரும் ஒரே சமயத்தில் தலைநிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பெரிய முள் அசையாமல் நிற்கிறது, நிற்கிறது, பிறகு டக்கென்று ஒரு நிமிடம் தாண்டுகிறது. மூன்றாவது முள் அதில் இல்லை.