இடது கட்டைவிரல்

பிரஸ் மெஷினில் சகாயமேரியின் வலது கை விரல்கள் நான்கும் போன மூன்றாம் நாள், கம்பெனி மேனேஜர் ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மெஷினில் கையைக் காக்கும் தடுப்பை, உற்பத்தி குறைகிறதென்று கழற்றச் சொன்னவர் அவர்தான். கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு பதிவேட்டைத் திறந்தார்.

"பாதுகாப்புப் பயிற்சி எடுத்துக்கிட்டேன்னு ஒரு கையெழுத்தும்மா. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கேக்குறாரு."

அவள் தேதியைப் படித்தாள். "சார், அன்னைக்கு நான் வேலைக்கே சேரலையே."

"அதெல்லாம் யாரும்மா பாக்கப்போறாங்க?" என்று பேனாவை நீட்டியவர், அவள் கைக்கட்டைப் பார்த்துவிட்டு ஸ்டாம்ப் பேடை எடுத்தார். "இடது கட்டைவிரல் போதும்."

சகாயமேரி இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "இது ஒண்ணுதான் சார் மிச்சம். இதையும் கேக்காதீங்க."

அவர் ஸ்டாம்ப் பேடின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.