ஏழு ஐம்பத்தொன்று

அல்கோல் நட்சத்திரம் மங்கிக்கொண்டிருந்தது.

மாடித் தரையில் மல்லாந்து படுத்தபடி கனகாம்பாள் அதையே பார்த்தாள். வடக்கே, வல்லார்பாடம் தீவுக்கு மேலே. மாலை 6.58க்குப் பக்கத்து நட்சத்திரத்துக்குச் சமமாக இருந்தது. இப்போது அதைவிடக் குறைவு.

ஒன்றாகத் தெரிவது உண்மையில் இரண்டு. மங்கலானது குறுக்கே வந்து பிரகாசமானதை மறைக்கிறது. இரண்டு நாள், இருபது மணி, நாற்பத்தொன்பது நிமிஷத்துக்கு ஒருமுறை. அதையே கூட்டிக் கூட்டிப் பார்த்திருந்தாள். இன்றைய மறைப்பின் உச்சம் 7.51க்கு வர வேண்டும்.

கூடப் படித்த கங்கா இப்போது வானாய்வுக்கூடத்தில் வேலையில் இருக்கிறாள். 'இப்படிப்பட்ட ஜோடிகளை அளந்தே ஒருநாள் ஆண்ட்ரோமீடா மண்டலம் எத்தனை தொலைவு என்று சொல்லிவிடலாம், கனகா' என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தாள் என்று கணக்கில்லை.

இரண்டு முறை தவறவிட்டிருந்தாள். ஒருமுறை தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை வீட்டில் விருந்தாளிகள்.

இந்தக் குளிர்காலத்தில் மாலை வேளையில் வருவது இதுதான் கடைசி. ஆனால் ஏழு மணிக்கு அடுப்பை விட்டு வர எந்த மருமகளால் முடியும்? விலக்கான மூன்று நாட்கள் மட்டுமே மாடி அவளுடையது.

கீழே படியருகில் மாமியார் பாக்கியலக்ஷ்மியின் குரல்.

"கனகா, இந்த மாசமும் போச்சாக்கும்! சாதம் படியில வெச்சிருக்கேன். அந்த நட்சத்திரம் வந்து உனக்குப் பரிமாறப் போறதில்லே. பனி விழறது, மஞ்சு கொள்ளாம மாடி ரூமுக்குள்ளே போ, கேட்டயா?"

"சரிம்மா." குரலில் சந்தோஷம் வழிந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

குடோன்களிலிருந்து சுக்கு வாசனை வந்தது. எங்கோ ஒரு படகு கூவியது. நட்சத்திரம் இனிக் குறைய முடியாது என்ற அளவுக்குக் குறைந்து, அப்படியே நின்றது.

பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது.

8.46க்கு மறுபடியும் பக்கத்து நட்சத்திரத்துக்குச் சமம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டைரியில் கணக்குப் போட்டாள். இரண்டு நேரங்களுக்கும் நடுவே, 7.52.

ஒரே ஒரு நிமிஷம்தான் பிசகு!

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுந்து மாடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அக்கரையில் வைப்பின் தீவு வரை கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது.

டைரியின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு பட்டியல், அவளுடைய விலக்குத் தேதிகளும் இடைப்பட்ட நாட்களும். இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு. மூன்று வருஷமாக ஒருநாள்கூடத் தள்ளிப்போனதில்லை.

அதில் இன்றைய தேதியை அவள் எழுதவில்லை. காலையில் விலக்கு என்று பொய் சொன்னது இந்த மாடிக்காக.

கடைசித் தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணினாள்.

முப்பத்தைந்து.

மறுபடியும் எண்ணினாள்.