வரத்தாள்ட வளவு

“வரத்தாள், ஒங்கட கோழி என்ட கீரைப் பாத்தியக் கிளறுது. வந்து புடிங்க!”

வேலிக்கு அப்பாலிருந்து றாபியா ராத்தா கத்தினார்.

அடுப்பில் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. என் கணவர் இப்றாஹிம் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். ஆணத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கோழி கைக்கு எட்டவில்லை. ஒழுங்கையால் ஓடி, பெரிய றோட்டு வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனது. றாபியா ராத்தா பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார்.

அப்படித்தான் அன்று கடலிடமிருந்து நாங்கள் இருவரும் தப்பினோம்.

கணவரையும் மகளையும் எந்தக் குழியில் அடக்கினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வரத்தாள் என்றால் வெளியூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவள். நான் மன்னார்ப் பக்கம். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து விரட்டப்பட்டு, புத்தளம் அகதி முகாமில் வளர்ந்தவள். முகாமுக்கு மருதமுனைக் கைத்தறிச் சாறன் விற்க வந்த இப்றாஹிம் என்னைக் கலியாணம் முடித்துக் கல்முனைக்குக் கூட்டி வந்தார்.

இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. ஆண்தான் மனைவியின் வீட்டுக்குப் போய்க் குடியேறுவான். வீடில்லாமல் வந்து இறங்கிய மணப்பெண்ணைப் பார்க்க ஒழுங்கையே திரண்டது.

தங்களுக்குள் “வாகா, இரிகா” என்று கதைக்கிற பெண்கள் எனக்கு மட்டும் “வாங்க, இரிங்க” என்றார்கள். அந்த மரியாதையைப் போல உயரமான வேலி ஒழுங்கையில் வேறில்லை.

கணவர் கடற்கரை மணலில் ஒரு துண்டு வளவு வாங்கி என் பெயருக்கே எழுதினார். சீமெந்து அத்திவாரம் போட்டார். “இனி நீயும் வீட்டுக்காரிதான்” என்றார்.

கடல் வந்து போன பிறகு, எங்கள் ஒழுங்கையில் மிஞ்சிய ஒரே தரை அந்த அத்திவாரம்தான்.

அதன்மேல் தறப்பாள் கட்டி, வாசலுக்குச் சேலையைத் தொங்கவிட்டு இத்தா இருந்தேன். கணவன் மௌத்தான பெண், நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வீட்டைவிட்டு எழும்பக்கூடாது. அந்நிய ஆண் அவளைப் பார்க்கக்கூடாது. கடலோரம் யாரும் குடியிருக்கக்கூடாது என்று அரசாங்கம் கோடு போட்டுக் கல் நட்டபோதும், என் சேலையைத் தாண்டி ஒருவரும் வரவில்லை.

இத்தாவின் காலம் முடிந்தது. அடுத்த கிழமையே வந்தார்கள். கிராம சேவகர் கேதீஸ்வரனும், என் கணவரின் மூத்த சகோதரர் ஷரிபுதீன் மச்சானும். பின்னால் ஒரு லொறி உறுமிக்கொண்டு நின்றது.

“வெளிய வாங்க மச்சி” என்றார் மச்சான். “புத்தளத்துக்கு, ஒங்கட உம்மாக்கிட்ட அனுப்பி வெக்கிறன். இஞ்ச ஒங்களுக்கு ஆரு இரிக்காங்க?”

நல்ல மனிதர். அதனால்தான் அவருக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

நான் வாயைத் திறக்குமுன் றாபியா ராத்தா சேலைக்கு வெளியே, வாசலை மறித்துக் குந்திவிட்டார்.

“காக்கா, உள்ள இத்தா முடியல்ல” என்றார் மச்சானிடம்.

“எல்லாருக்கும் ஒரே நாள்ளதானே மௌத்து? எல்லாருக்கும் முடிஞ்சிதானே!”

“வயித்தில புள்ள இரிந்தா, பெத்தாத்தானே முடியும்? வேணுமெண்டா மௌலவிக்கிட்டக் கேளுங்க.”

லொறியின் சத்தம் நின்றது.

“இப்பிடி இருக்கிறவவ லொறியில ஏத்தி, வழியில ஒண்டு நடந்தா ஆரு பதில் சொல்லுற?” என்று கேதீஸ்வரன் முணுமுணுத்தார்.

சேலைக்குக் கீழே மச்சானின் செருப்புகள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அவை மெதுவாகப் பின்வாங்கின.

“என்ட தம்பிட புள்ள…” என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நான் இருமக்கூட இல்லை.

அன்று பின்நேரம் மச்சான் ஒரு குலை செவ்விளநீர் அனுப்பியிருந்தார்.

அதை றஸ்னா குடித்தாள்.

றஸ்னா, றாபியா ராத்தாவின் மகள். அவளுடைய கணவனும் அதே அலையில் போனவன். இத்தா தொடங்கிய நாளிலிருந்து என் தறப்பாளுக்குள், என் பாயில் இருந்தாள். அவளுக்கு அது ஏழாம் மாதம்.

“நான் பொய் செல்லல்லகா” என்றார் றாபியா ராத்தா. “எந்தப் பொம்புள எண்டு அவர் கேக்கல்ல.”

கா. அதை என்னிடம் முதல் தடவையாகச் சொன்னார்.

அத்திவாரத்தின்மேல் றஸ்னாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. உண்மை தெரிந்த அன்றோடு ஷரிபுதீன் மச்சான் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். அதற்குள் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் தங்கள் தங்கள் வளவுகளில் தறப்பாள் கட்டிவிட்டார்கள். கோட்டுக் கற்களைத் தேடி வந்தவர்கள், அவற்றின்மேல் எங்கள் சோற்றுப்பானைகள் கொதிப்பதைக் கண்டார்கள்.

யுத்தம் முடிந்தது. மன்னார்ப் பாதை திறந்தது. இனி உன் சொந்த ஊருக்குப் போகலாமே என்று பலர் சொன்னார்கள். நான் வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தேன்.

இது றஸ்னாவின் மகளுக்கான வீடு. அவளைக் கலியாணம் முடிக்கிறவன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலுக்குத்தான் வரவேண்டும்.

ஒழுங்கைக்குள் யாராவது வழி கேட்டு வந்தால், றாபியா ராத்தா தன் வாசலில் நின்றபடி இன்றைக்கும் ஒரே அடையாளம்தான் சொல்வார்.

“அந்தா, வரத்தாள்ட வளவு. அதுக்கு அடுத்தது.”