பாத்தோவின் பின்னந்தலை

பாத்தோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கேக்கின் மேல் குனிந்தார்.

“கடி, கடி” என்று அலுவலகமே மேசையைத் தட்டிக் கத்தியது.

பிறந்தநாள்காரர் கையால் தொடாமல் முதல் கடி கடிக்க வேண்டும். வாய் கேக்கில் பட்டதும் பின்னால் நிற்பவர் தலையைப் பிடித்து க்ரீமுக்குள் அமுக்க வேண்டும். மெக்சிகோவில், எங்கள் மோன்டெர்ரே நகரத்தில் இதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எங்கள் பிறந்தநாள்களுக்கெல்லாம் அமுக்குகிறவர் பாத்தோதான். தலைவன் என்பவன் ஊழியர்களோடு கலந்து பழக வேண்டும் என்று எங்கேயோ பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்திருந்தார். தன் அறைக்குக் கதவே வைத்துக்கொள்ளவில்லை. முதலாளி என்று கூப்பிடக் கூடாது, பாத்தோ என்று செல்லப்பெயரில்தான் கூப்பிட வேண்டும். அது உத்தரவு.

இன்று அவருடைய பிறந்தநாள். அந்தத் தலையில் கை வைக்கத்தான் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

எனக்குக் காலையிலிருந்தே உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

காலையில் கதவில்லாத அந்த அறையில் உட்காரவைத்து, நிறுவனத்தின் புது வியூகத்தை எனக்கு விளக்கினார். வாடிக்கையாளர் புகார்களை இனிமேல் கணினியே கேட்டுக்கொள்ளும். என் பிரிவில் எனக்குக் கீழே இருக்கும் ஆறு பேரும் கொழுப்பாம். நிறுவனம் வேகமாக ஓட வேண்டுமென்றால் கொழுப்பைக் கரைத்துத்தான் ஆக வேண்டுமாம். அவர்களிடம் விஷயத்தைச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவது மட்டும் என் வேலை. ஏனென்றால் தலைவன் கனவைத்தான் சுமக்க வேண்டும், கெட்ட சேதியைச் சுமக்கக் கூடாது.

கொழுப்பு யாருக்கு என்று கேட்க நாக்கு துடித்தது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே எனக்குத் தன் கையால் காபி ஊற்றித் தந்தார். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் ஒரே ஒரு பதில் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். அப்படியானால் இதைச் சொல்ல வெளியிலிருந்து வேறு ஆள் தேட வேண்டும், புது வருஷம் ஆகிவிடும், அதுவரை அவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். ஆறு பேருக்கும் சில மாதங்கள் கிடைத்தன. வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லி மெல்லக் காதில் போட்டுவிடலாம்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி சாயோ, என் மகளின் ஞானத்தாய். இந்தக் கேக்கை வாங்கி வந்தது அவள்தான். பாத்தோவுக்கு மூன்று வகைப் பாலில் ஊறிய கேக்தான் பிடிக்கும் என்று கடை திறக்கும் முன்பே போய் நின்று வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சாயோ என் விலாவில் இடித்தாள்.

“அமுக்குடி. வருஷத்துல ஒரு நாளுதான் இந்தத் தலை நம்ம கைக்குக் கிடைக்கும்.”

அமுக்கினேன்.

மூக்கு அடியிலிருந்த அட்டையில் போய் முட்டியது கைக்குத் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. அந்தக் காபி ஞாபகம் வந்தது, இன்னும் அமுக்கினேன். பின்னந்தலை என் உள்ளங்கைக்குள் திமிறியது. சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. யாரோ என் பெயரைச் சொன்னார்கள். சாயோ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டேன்.

அவர் நிமிர்ந்தபோது கண், மூக்கு எதுவும் தெரியவில்லை. பெரிதாக மூச்சு வாங்கினார்.

என் வேலை போயிற்று என்று நினைத்தேன். போனால் போகட்டும். மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

பாத்தோ கண்களிலிருந்து க்ரீமை வழித்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரித்தார், நிஜமாகவே. பிசுபிசுத்த கையால் என் கையைத் தூக்கிப் பிடித்து, நம் நிறுவனத்துக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் அறிவித்தார். கைதட்டினார்கள். சாயோ எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

பிறகு அவர் என் காதருகே குனிந்தார்.

“ஒருத்தர் மூஞ்சியப் பாத்து வெளிய போன்னு சொல்ற தைரியம் உனக்கில்ல, நீ ஒரு கோழைன்னு காலையில நீயே சொன்னியே, மாரிக்ரூஸ். நானும் நம்பிட்டேன். வேற ஆளெல்லாம் எதுக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே முடிச்சிடு.”

சாயோ கேக்கை வெட்ட ஆரம்பித்திருந்தாள். அவர் முகம் படாத ஓரமாகப் பார்த்து ஒரு துண்டு எடுத்து, முதலில் எனக்குக் கொடுத்தாள்.