காப்புக் கை

கடைசல் லேத் ஓடும்போது கையிலும் கழுத்திலும் எதுவும் தொங்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவன் சுதாகரன்தான்.

இன்று அவன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. காலையில் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். தீ மிதித்து முடிக்கும் வரை அவிழ்க்க முடியாது.

தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்து மண்மேட்டில் மொரிஸ் மைனர் கார் கிளச் பெடல் இல்லாமல் நின்றது. நாளை நுவரெலியாவில் பழைய கார்களின் ஊர்வலம். தன் காரை எடுக்கப் பரமலிங்கம் வாத்தியார் விடியும்போதே லிந்துலைக்கு வந்துவிடுவார். வீட்டுக்குப் பின்னால் இறக்கிய இந்தப் பட்டறையை நம்பி வந்த முதல் பழைய கார் அது.

பெடலின் அச்சுக்கு அதைச் சுற்றி உட்காரும் ஒரு பித்தளைக் குழல், ஒரு புஷ், கடைந்தால் போதும்.

"கயித்தச் சட்டைக் கைக்குள்ள சொருகிக்கிட்டு செஞ்சிரவா?" என்றான்.

"ஒங்க மாமா மகன் அப்படித்தான் சொருகினாரு. இப்ப அவரு வெரல எண்ணிப் பாருங்க" என்றாள் அவன் மனைவி ஜீவராணி.

அவன் சிரிக்கவில்லை. லேத்தைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"நீ செய்யிறியா? நான் பக்கத்துல நின்னு சொல்லித் தர்றேன்."

அவள் துப்பட்டாவை எடுத்துக் கொடியில் போட்டாள். வளையல்களைக் கழற்றினாள். கொண்டையை இறுக்கினாள்.

அவன் கண்கள் அவள் கழுத்தில் வந்து நின்றன.

"அதையும்..." என்றான்.

அதுவும் மஞ்சள் கயிறுதான். இரண்டும் ஒரே கடை நூலாகக்கூட இருக்கலாம். அவனுடையதை அவிழ்த்தால் சாமிக் குத்தம். அவளுடையதைக் கழற்றினால் அவன் உயிருக்கு ஆகாது என்பார்கள். என் கைக்காகத் தன் உயிரைப் பற்றி யோசிக்கவில்லையே என்று ஒரு கணம் அவளுக்கு அவன்மேல் பிரியம் வந்தது. ஆனாலும் கழற்றச் சொன்னது என்னுடையதைத்தானே என்று அடுத்த கணம் தோன்றியது.

தாலிக் கயிற்றைத் தலைவழியாக எடுத்தாள். மெதுவாகவே எடுத்தாள். சட்டென்று எடுத்தால் நன்றாக இருக்காது.

பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தான். மேசையெங்கும் எண்ணெய்.

"கையிலயே வச்சிருங்க" என்றாள்.

பித்தளைத் துண்டை லேத்தின் சுழலும் பிடியான சக்கில் பொருத்தி, சாவியால் இறுக்கினாள். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டால் சுவிட்சைப் போட்டதும் அது பறந்து வந்து முகத்தைப் பிளக்கும். அதைச் சொல்ல அவன் வாயெடுத்தபோது சாவி ஏற்கெனவே தட்டில் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

லேத் ஓடியது. பித்தளைத் துகள் மஞ்சள் பொடிபோல் உதிர்ந்தது.

வெறும் கழுத்தில் மலைக்காற்று பட்டது. அவளுக்கு அது பிடிக்கும்.

அவன் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. அவளுக்கு வழி சொல்கிறானா, மாரியம்மனிடம் பேசுகிறானா என்று கேட்கவில்லை.

சுவிட்சை அணைத்தாள். சக் தானாக நிற்கும் வரை கையை அருகில் கொண்டுபோகாமல் காத்திருந்தாள். புஷ்ஷை அறுத்தெடுத்து, மேசையில் கிடந்த பெடல் அச்சில் கோர்த்தாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"மொதத் தடவையிலேயே வந்துருச்சே புள்ள!"

அவசரமாகத் தாலியை அவள் கழுத்தில் போட்டான். பிறகு புஷ்ஷையும் அச்சையும் எடுத்துக்கொண்டு காரைப் பார்த்து ஓடினான்.

அவள் தூரிகையால் துகள்களைக் கூட்டினாள்.

சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால், மரச் சட்டத்தில், அவள் அடித்த சின்ன ஆணி இருந்தது. அவன் சாமான் வாங்க ஹட்டனுக்குப் போகும் நாட்களில் அவள் லேத் ஓட்ட, தாலிக் கயிறு அங்கே தொங்கித் தொங்கி, ஆணிக்குக் கீழே மரத்தில் மஞ்சள் ஏறியிருந்தது.

அந்த மஞ்சளைத் துடைக்கத் துணியை எடுத்தாள்.

பிறகு மஞ்சளை அப்படியே விட்டுவிட்டு, அந்தத் துணியால் லேத்தைத் துடைத்தாள்.