சிவப்பு அடங்கும்வரை

எல்லாத் தட்டுகளும் சுத்தமாக இருந்தன.

துடைத்து வைத்தாற்போல. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

நேற்று அந்தக் கண்ணாடித் தட்டுகளில் மாணவிகள் பாக்டீரியாவைத் தேய்த்து வைத்திருந்தார்கள். இந்நேரம் அது வெள்ளை வெள்ளையாக வளர்ந்திருக்க வேண்டும்.

விரிவுரையாளராக அவள் நடத்திய முதல் செய்முறை வகுப்பு அது.

அவளுடைய தட்டும் சுத்தம். “மேம் தட்டு மாதிரியே வந்திருக்குடி!” என்று பெண்களுக்கு ஒரே குஷி.

நிலோபரின் தட்டில் மட்டும் வளர்ந்திருந்தது.

நிலோபருக்கு நெருப்பென்றால் பயம். நேற்று, பாக்டீரியாவைத் தொட்டுத் தேய்க்கும் கம்பியை, வேறு கிருமி சாகத் தீயில் சிவக்கக் காய்ச்சிவிட்டு, கையை எட்ட நீட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். பராக்குப் பார்க்கிறாள் என்று ஆசிரியை ஓர் அதட்டல் போட்டிருந்தாள். மற்றவர்கள் சூட்டோடு சூடாகத் தேய்த்து முடித்திருந்தார்கள். ஆசிரியை செய்து காட்டியதும் அப்படித்தான்.

சுர்ரென்று ஒரு சத்தம் வந்ததே.

அது இப்போதுதான் காதில் உறைத்தது.

கொதிக்கிற கம்பி. பட்டதும் அத்தனையும் பொசுங்கியிருக்கும். சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்பது எந்த மக்குக்கும் தெரியும்.

அவளுக்குத் தெரியவில்லை.

கொரோனாவில் படித்தவள். ஆய்வகம் அவளுக்குக் கைபேசியில் வந்த வீடியோ. அதில் பேராசிரியர் கம்பியைச் சிவக்க வைப்பார். படம் ஒரு துள்ளுத் துள்ளும். அடுத்த நொடி பாக்டீரியாவைத் தொடுவார். நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். நடுவில் சூடு ஆறும் நேரத்தை வெட்டியிருப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

அதற்கு முதல் வகுப்பில் தேர்ச்சி வேறு.

நிலோபர் தட்டோடு வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“சாரி மேம். நா மட்டும் சொதப்பிட்டேன். தூக்கிப் போட்டுரவா?”

தலையை ஆட்டினால் போதும். மானம் தப்பித்துவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆட்டவும்தான் பார்த்தாள். அந்தக் கண்களுக்கு நேராக முடியவில்லை.

அவள் எழுந்தாள். விளக்கை ஏற்றினாள். கம்பியை நிலோபரின் கையில் கொடுத்தாள்.

“நேத்து செஞ்ச மாதிரியே செஞ்சு காட்டும்மா.”

சொல்லிவிட்டு மேசையைச் சுற்றி வந்து, மாணவிகளின் பக்கம் நின்றுகொண்டாள்.

கம்பி சிவந்தது. நிலோபர் கையை எட்ட நீட்டிக்கொண்டு, பயந்தபடி நின்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மாணவிகளோடு நின்ற அவள் சிரிக்கவில்லை. இமைக்கவும் இல்லை.

வீடியோவில் வராத இடம் அது.